எட்டு கிலோ

காலை ஐந்தரை மணிக்கு வாசற்கதவுக்குப் பக்கத்தில் குனிந்து அவள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் ஒரு பாத்திரம் நங்கென்று வைக்கப்பட்டது. கை தவறி வந்த சத்தம் இல்லை அது. இருபது வருஷமாக மாமியாரின் கோபத்தைப் பாத்திரச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு பழகியவளுக்கு அது புரியாதா?

"கிளம்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் கூடத்துக்கு வந்தாள். "உள்ள ஒருத்தி ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு தோலைப் பிச்சுக்கிட்டுக் கிடந்தா. கண்ணை மூடி அரை மணி நேரம் ஆகல. நீ என்னடான்னா உடம்பை இளைக்க வைக்கக் கிளம்பிட்டே..."

"அரை மணி நேரத்துல வந்துடுவேன் அத்தை. காயெல்லாம் நறுக்கி வெச்சுட்டேன்."

"வா, வராம இரு. உன் இஷ்டம். இந்த வீட்ல யாரு யாரைக் கேக்கப் போறாங்க."

அவள் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தாள். மூடியிருந்த அறைக்கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். முப்பத்து நான்கு வயது. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு வருஷத்துக்கு முன் களைப்பு என்றுதான் ஆரம்பித்தது. பிறகு கண் மஞ்சளானது, தோல் அரித்தது, கால் வீங்கியது, வயிற்றில் நீர் கட்டியது. ஈரல் கெட்டுவிட்டது, இனி மருந்தில் நிற்காது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள். ஆறு மாதம், அதற்கு மேல் தாங்குவது கஷ்டம்.

அண்ணன் முதல் ஆளாகப் போய் நின்றான். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர் என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. வெளியூரில் லாரி ஓட்டும் கணவனுக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. கடைசியில் அந்தக் கணவனின் தம்பி நான் தருகிறேன் என்று முன்வந்தான். எல்லாச் சோதனையும் முடிந்து, அறுவைக்கு நாள் குறித்து, நாத்தனார் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு அவன் போனை அணைத்துவிட்டான். யார் வீட்டுக்குப் போயும் ஆள் கிடைக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த நாத்தனார் எட்டு நாள் யாரோடும் பேசவில்லை. மகள் வந்து தோளைத் தொட்டாலும் திரும்பவில்லை.

அந்த எட்டு நாளும் தட்டை வைத்துவிட்டு, வைத்தபடியே எடுத்துக்கொண்டு போனவள் அண்ணிதான். ஒன்பதாம் நாள் மதியம், பார்சல் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன்னுடைய ரத்தப் பிரிவு யாருக்கும் ஒத்துப்போகும் பிரிவு என்பது பிரசவ காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

உறுப்பு தானம் செய்ய வருகிறவர்களைக் கவனிக்கும் நர்ஸ் ஒல்லியான, கண்டிப்பான பெண். ஸ்கேன் முடிவு வந்ததும் அவளை எதிரே உட்காரவைத்து, ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஈரலில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. இப்படியே வெட்டி எடுத்தால் வாங்குகிறவளுக்கும் வேலை செய்யாது, கொடுக்கிறவளுக்கும் ஆபத்து. எழுபத்து நான்கு கிலோ இருக்கும் உடம்பில் எட்டு கிலோவாவது இறங்க வேண்டும். பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு அரை கிலோ, முக்கால் கிலோ. அதற்கு மேல் அவசரப்படக் கூடாது.

"வீட்ல சொல்லணுமா?" என்று அவள் கேட்டாள்.

உறுதியாகும்வரை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, கடைசியில் மட்டும் கணவர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் நர்ஸ்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்னொரு தடவை ஆசை காட்டிவிட்டு, எடை இறங்கவில்லை, ஒத்துவரவில்லை என்று போய் நின்றால் அந்தப் பெண்ணின் உயிர் அங்கேயே போய்விடும். கணவனிடம் சொல்லலாம் என்றால் அவன் முகத்தில் எதுவும் மறையாது. அம்மா ஒரு பார்வை பார்த்தால் எல்லாம் கொட்டிவிடுவான். ஆகவே வாயைத் திறப்பதில்லை.

வாயை மூடுவது அவளுக்குப் பழக்கம்தான். உடம்பைக் குறைப்பதுதான் பழக்கம் இல்லை. காலை எட்டு மணிக்குப் பார்சல் அலுவலகத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் மாலை ஆறு மணிவரை ரசீது எழுதுகிற வேலை. எழுந்து நடப்பதே குடிக்கத் தண்ணீர் எடுக்கத்தான். நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வரும். ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் பேச்சுவாக்கில் காலியாகிவிடும். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை, வீணாக்கக் கூடாதே என்று தன் வயிற்றில் போட்டுக்கொள்வாள். இந்த எட்டு கிலோவும் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் அந்த மிச்சச் சோற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் அரை மணி நேரம் வேக நடை. மதியம் சாப்பிட்டபின் சரக்கு முற்றத்தைச் சுற்றி இருபது நிமிஷம், லாரிகளுக்கு நடுவே. மாடியில் இருக்கும் மேலாளர் அறைக்கு லிஃப்டை விட்டுப் படி. தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்கினாள். கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மிச்சக் கால் பங்கில் சோறு. டீயில் சர்க்கரை இல்லை. முதல் வாரம் அந்த டீ வாய்க்குள் போகவே மாட்டேன் என்றது. மிஞ்சியதை மூடி எடுத்து வைத்தாள், அல்லது அடுத்த நாள் குறைவாகச் சமைத்தாள். எட்டு மணிக்கு மேல் வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. இது அத்தனையும் வேலைக்குப் போய்க்கொண்டே, நாத்தனாருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்துக்கொண்டே, மாமியாரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. அதனால் என்ன? திங்கட்கிழமை தோறும் கதவு திறக்கும் முன்பே போய், பார்சல் நிறுக்கும் இரும்பு மேடையில் ஏறி நின்றாள். நிறுப்பவனை அங்கே எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் முள்ளைப் பார்த்துவிட்டு, "அக்கா, எந்த ஊருக்கு அனுப்பணும்? விலாசம் சொல்லுங்க" என்பான். நாலாவது வாரம் எழுபத்து ஒன்றரை காட்டியபோது தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தப் பார்சலை யாரோ நடுவழியில பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறாங்க. புகார் எழுதிடலாமா?" என்றான். அந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கன்னம் வற்றியது, சட்டை தொளதொளத்தது. தன் பெண் ஒவ்வொரு நாளும் தேய்ந்துகொண்டிருக்கும் வீட்டில் மருமகள் உடம்பை அழகாக்கிக்கொள்கிறாள் என்பதை மாமியாரால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தால் அவளிடம் சொன்னாள், மாப்பிள்ளை போனில் வந்தால் அவரிடம் சொன்னாள். நடக்கிறாளாம், தட்டை அளந்து வைத்துச் சாப்பிடுகிறாளாம், நாற்பத்து மூன்று வயதில் என்ன கேடு என்று. கேட்டுக்கொண்டே இருந்தால் கல்லும் கரையும் என்பது போல, கணவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தான். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அதனாலேயே அவன் பேசியது வலித்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவளின் எதிரே வந்து நின்று, "அச்சகத்துல கூட கேக்கறாங்க. உன் பொண்டாட்டி ஆளே மாறிட்டாளேன்னு," என்றான். "நீ யாருக்காக இப்படி இளைக்கற?"

கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லிவிடலாமா... நாக்கு நுனி வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இருமும் சத்தம் கேட்டது.

"எனக்காகத்தான்," என்றாள்.

அவன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அங்கேதான் படுத்தான். சந்தேகப்பட்டான் என்பதைவிட, சந்தேகத்தோடு தன் தலையணையின் உறையைத் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்கினான் என்பதுதான் அவளை அதிகம் அறுத்தது.

ஏழாவது வாரம் அறுபத்து ஒன்பதரை. எட்டாவது வாரமும் அறுபத்து ஒன்பதரை. ஒன்பதாவது வாரம் முள்ளின் மேல் வைத்த கண்ணோடு மேடையில் ஏறினாள். முள் அசையவே இல்லை. இறங்கி மறுபடி ஏறினாள். தராசு இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "விடுங்கக்கா, ரெண்டு மூணு வாரம் நிக்கும், அப்புறம் இறங்கும்," என்று மெதுவாகச் சொன்னான்.

முள் நிற்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் நோய் நிற்கவில்லையே. அதே திங்கட்கிழமை மாலை நாத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்று நீரை எடுத்தும் மூச்சு வாங்கியது. பேச்சு குழறியது, மகளின் பெயர் சட்டென்று வாயில் வராமல் விழித்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. நாள் ஓடுகிறது, முள் நின்றுவிட்டது. இனி அளவாவது, கணக்காவது? அடுத்த இரண்டு நாள் வெறும் டீயில் ஓட்டினாள். நடையை ஒரு மணி நேரமாக்கினாள். மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரசீதுக் கட்டு கைதவறிப் படி முழுக்கப் பறந்தது.

தராசுதான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டான். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். காகிதத்தை மேஜையில் வைத்து, விரலால் ஒரு எண்ணைக் காட்டினாள். "ஈரல் வீங்கியிருக்கு. பட்டினி போட்டா இப்படித்தான் ஆகும். இது சரியாகறதுக்கே இன்னும் ரெண்டு வாரம் ஆகும். ரெண்டு வாரத்தை நீங்களே வீணாக்கிட்டீங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாங்க கேக்கறது ஒல்லியான உடம்பு இல்லம்மா. நல்ல ஈரல். அது சோத்தாலதான் வரும், சோத்தை விட்டா வராது. போய்ச் சாப்பிடுங்க, தூங்குங்க. மூணு நாள் நடக்காதீங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்த மாமியார் வாசலிலேயே நின்றாள். "இத்தனை நாள் பசிக்கல. என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கறப்பதான் பசிக்குது," என்றாள். அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் அவள் விழுங்கினாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஆறாம் நாள் நாத்தனாரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். குழறல் தெளிந்திருந்தது. அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டு மாற்றுத்துணி எடுப்பதற்காக அண்ணி அலமாரியைத் திறந்தாள். நோய் வருவதற்கு முன் வாங்கி, ஒரு தடவைகூட உடுத்தாத துணிகள் அடுக்கு குலையாமல் இருந்தன. படுக்கையிலிருந்து நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல துணிங்க அண்ணி," என்றாள், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "முன்னாடின்னா உங்களுக்குப் பத்தாது. இப்ப அளவாத்தான் இருக்கும். நான் போனதும் எடுத்துக்குங்க... அதுக்குத்தானே இவ்வளவு பாடுபடறீங்க."

அண்ணி திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அலமாரிக் கதவைப் பிடித்தபடி பத்து வரை எண்ணினாள், பிறகு இருபது வரை. பிறகு ஒரு பழைய மெல்லிய சட்டையை எடுத்து வந்து, அந்தப் பெண்ணின் குச்சிக் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டாள். வெளியே வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் அவளுக்குள் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. விழிக்கும்போது பயம், நடக்கும்போது பயம். போன் அடித்தால் பயம். ஆனால் வழக்கத்தை விடவில்லை. பயத்தோடே நடந்தாள், பயத்தோடே காய் நறுக்கினாள், பயத்தோடே நேரத்துக்குப் படுத்தாள். பதின்மூன்றாவது வாரம் முள் அறுபத்து ஏழில் நின்றது. எட்டு கிலோவுக்கு இன்னும் ஒன்று பாக்கி. அன்றே ஸ்கேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஒரு கிலோவுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற நினைப்பு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்குமுன் ஒரு நாளும் பக்கத்தில் உட்காராதவள்.

"எடையை டாக்டர் பார்க்கவே இல்ல," என்றாள். "ஈரலைத்தான் பார்த்தார். கொழுப்பு இறங்கிடுச்சு. எடுத்துக்கலாம்னு சொல்லிட்டார். நாளைக்கு உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

அவளுக்குக் கேட்டது, புரிய நேரமானது. புரிந்ததும் அங்கிருந்து நேராக அச்சகத்துக்குப் போனாள்.

மதிய இடைவேளை. கணவன் விரலெல்லாம் மையோடு கேட்டுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. "தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்றுதான் அவன் முதலில் கேட்டான். நர்ஸ் கொடுத்த படிவத்தை அவள் நீட்டினாள். அவன் மை படாமல் ஓரத்தில் பிடித்து வாசித்தான். முதல் பக்கத்தை முடித்துவிட்டு, மறுபடி மேலே போய், முதல் சோதனையின் தேதியைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே மதிலில் சாய்ந்துகொண்டான்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உங்க முகத்தைப் பார்த்தே அவ கண்டுபிடிச்சிருப்பா. முடியாமப் போயிருந்தா? இன்னொரு தடவை அவ தாங்குவாளா?"

அவன் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தான். பிறகு படிவத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ எனக்குத் தங்கச்சி. ஆனா நீ... உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றவன், வழியில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு பேசாமல் இருந்த மனிதன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவளுடைய சட்டையில் அவன் விரல்களின் மை பதிந்தது.

ஈரலில் ஒரு பகுதியை எடுத்தாலும் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்லிப் பார்த்தாள். ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள்.

கண் சிவந்து நுழைந்த மகனைப் பார்த்ததும் மாமியார் எழுந்து எதிரே வந்தாள். "என்னடா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தில்தான் எதுவும் மறையாதே. ஒரு நிமிஷம்தான் தாங்கினான். நடையும், அளந்து வைத்த தட்டும், சர்க்கரை இல்லாத டீயும், படியில் மயங்கியதும், வழி முழுக்க அவள் சொன்னதெல்லாம் அவன் வாயிலிருந்து கொட்டியது.

மாமியார் கேட்டுக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. தன் பெண் பிழைக்கப் போகிறாள் என்ற சந்தோஷம் அந்த முகத்தில் வரும் என்று மருமகள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"வேண்டாம்," என்றாள் மாமியார். "பெத்தவ நான். என் பொண்ணுக்காக உன்னை அறுக்கறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? தட்டுல கை வெச்ச உன்னைப் பார்த்து நான் என்ன சொன்னேன்... அந்த வாயாலயே இப்ப குடுன்னு எப்படிக் கேப்பேன்? வேண்டாம்மா. நீயும் ஒரு புள்ளைக்குத் தாய். அவன் வெளியூர்ல படிச்சுட்டு இருக்கான். வேண்டாம்."

அறைக்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள். எழுந்து எப்படி அவ்வளவு தூரம் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அண்ணி," என்றாள். "அந்தத் துணி... நான் சொன்னது..." கால் மடங்கியது. அண்ணி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வேணாம் அண்ணி. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் வாங்குவேன்?"

"இங்க பாரு," என்றாள் அண்ணி. அந்தப் பெண்ணின் மஞ்சள் பூத்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கா? உனக்குப் பதினாலு வயசு. ஆளுக்கு ஒரு வேலை சொன்னாங்க, செஞ்சேன். சாயங்காலம் வரைக்கும் நான் பச்சத்தண்ணி குடிக்கல. ஒருத்தருக்கும் தோணல. நீ மட்டும் ஒரு கிண்ணத்துல சோத்தைப் போட்டுக்கிட்டு கொல்லைப்பக்கம் வந்து, அண்ணி, சாப்பிடுங்கன்னு பக்கத்துலயே உக்காந்தே. நான் முடிக்கற வரைக்கும் போகல. அன்னைக்கு நான் உன்கிட்ட வாங்கிச் சாப்பிட்டேன் இல்ல? எந்த முகத்தை வெச்சுக்கிட்டுன்னு கேட்டேனா? பேசாம வாங்கிக்கோ."

கூடத்தில் மூன்று பெண்களின் அழுகையும் ஒன்றாகக் கலந்தது. மாமியார் தட்டுத்தடுமாறி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அதுவும் அழத் தொடங்கியது. கணவன் அதைத் தூக்கிக்கொண்டான். மறுநாள் காலை முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் போய் நின்று கையெழுத்துப் போட்டான்.

ஒன்பது நாள் கழித்து அறுவை. காலையில் உள்ளே போனவர்களில் அண்ணி மாலையில் வெளியே வந்தாள். நாத்தனார் வர இன்னும் பல மணி நேரம் ஆனது.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் திரைக்குள் அண்ணி கண் விழித்தபோது வயிற்றுக்குக் குறுக்கே தீயை வைத்த மாதிரி இருந்தது. மூக்கில் குழாய், கையில் ஊசி. எந்த நேரம் என்று தெரியவில்லை. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயை அசைத்ததும் பக்கத்திலிருந்த வேறொரு நர்ஸ் குனிந்து, "உங்க நாத்தனார் நல்லா இருக்காங்க. உங்க ஈரல் வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த அறையில இருக்காங்க," என்றாள். அதன்பிறகுதான் வலி என்று ஒன்று இருப்பதே அவளுக்குச் சரியாகத் தெரிந்தது.

சற்றுநேரத்தில் திரைக்கு வெளியே மாமியாரின் குரல் கேட்டது. பார்க்க வந்திருக்கிறாள் போலிருக்கிறது. வீட்டிலிருந்து ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் இருவரில் ஒருவரை மட்டும் பார்க்கலாம், ஐந்து நிமிஷம்தான் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைப் பார்க்கணும்மா?"

"என் பொண்ணை."

"அப்ப அந்தப் பக்கம் போங்க. உங்க மகள் அந்த அறையில இருக்காங்க."

காலடிச் சத்தம் எழவில்லை. திரைக்குள் படுத்திருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். போகட்டும், பாவம், பெற்ற வயிறு எவ்வளவு துடிக்கும் என்றுதான் நினைத்தாள்.

"அது சின்னவ," என்றாள் மாமியார். "நான் பெரியவளைப் பார்க்க வந்தேன்."

திரை விலகியது. தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்ததில் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்கள் குழாய்களையும் கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தன. மாமியார் மருமகளின் வறண்டு வெடித்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டாள். கூடாது, வேண்டுமானால் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கலாம் என்றார்கள்.

மாமியார் பஞ்சை நனைத்தாள். ஒரு சொட்டு கூடக் கீழே விழாமல் பிழிந்து, மருமகளின் உதட்டில் ஒற்றினாள். மறுபடி நனைத்தாள், மறுபடி ஒற்றினாள். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது என்று வெளியிலிருந்து சொன்னார்கள். காதில் விழாதவள் போல அவள் மறுபடியும் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்தாள்.